பெட்டிக்கு முன்னால் நடந்தவள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமலேயே வகுப்புகள் கலைவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ஓட்டுக்கூரையிலிருந்து பாம்பு விழுவது. மற்றொன்று, எதிரே ரோட்டில் பஸ் நின்று, அதன் தலையிலிருந்து ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி இறங்குவது. பாம்பு விஷயத்திலாவது ஹெட்மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "சரி, வெளிய போங்க" என்று சொல்லவேண்டும். பெட்டிக்கு அதுகூடத் தேவையில்லை.

சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெங்களூர் ரோட்டை ஒட்டியே இருந்தது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. சுற்றுப்பட்டு ஊர்களில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். மானாவாரிக் கொல்லையில் ராகியைத் தூவிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதைவிட இமயமலையை அண்ணாந்து பார்ப்பது மேல் என்று எங்கள் முன்னோர் யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. மற்ற பாதியில் கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கடைவீதியில் கடை வைத்திருந்த முஸ்லிம்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓசூரில் கம்பெனிகள் வந்ததும் ஷிப்டு வேலைக்கென்று தெற்கேயிருந்து குடிவந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பாடம் தமிழில் நடக்கும். சண்டை தெலுங்கில் நடக்கும். வாத்தியாருக்குப் புரியக்கூடாத ரகசியங்களுக்குக் கன்னடம். பட்டாளத்துப் பிள்ளைகளான நாங்கள் அப்பாக்களிடம் கற்ற நாலு இந்தி வார்த்தைகளை வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்வோம். அதில் மூன்று வசவு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். லீவில் வரும் பட்டாளத்துக்காரர் பள்ளிக்கூடத்து வாசலில்தான் பஸ்ஸைவிட்டு இறங்கியாக வேண்டும், வேறு ஸ்டாப் கிடையாது. அவருடைய பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், பதவி, பெயர், ஊர் எல்லாம் எழுதியிருக்கும். பஸ் நின்றதும் பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் ஓடுவார்கள். இரண்டு பேர் போதும், ஆனால் நாலு பேர்தான் ஓடுவார்கள். பியூன் தன் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக் கொடுப்பார். பெட்டி தலைமேல் ஏறும். பெட்டிக்குப் பின்னால் பட்டாளத்துக்காரர் கையை வீசிக்கொண்டு வருவார். பெட்டிக்கு முன்னால் அவருடைய பிள்ளை நடக்கவேண்டும். வீடுவரை நடக்கவேண்டும். தெருவே வாசலில் நின்று பார்க்கும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை மரியாதையை நான் பார்த்ததில்லை.

அந்த மரியாதை என் வகுப்பில் பெட்டிக்காகக் காத்திருந்த பட்டாளத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. என் அப்பாவின் லீவு எப்போதும் பள்ளிக்கூடத்து லீவில்தான் வந்து தொலையும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவார். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் சாமியிடம் பரீட்சை மார்க்கைக் கேட்டதே இல்லை, ஒரு நல்ல வேலை நாளில் பெட்டி வரவேண்டும் என்றுதான் கேட்டேன்.

என் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். பீடி, சாராயம், சீட்டு எதுவும் கிடையாது. டீ மட்டும்தான். பஸ் எங்கே நின்றாலும் இறங்கி ஒரு டீ குடிக்காவிட்டால் அவருக்குப் பயணம் போனதாகவே தோன்றாது. "உங்கப்பா சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்லயே எறங்கி டீ குடிச்சுட்டுத்தான் உள்ள போவாரு" என்பாள் அம்மா. அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் அவர் டம்ளரும் கையுமாகத் தேவர்களோடு பேசிக்கொண்டிருப்பதை நினைத்துச் சிரிப்பேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நாகவேணி. வீட்டில் தெலுங்கு. அவளுடைய அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர்தான். எல்லையில் இறந்துபோனார். அதன்பிறகு அவளுடைய அம்மா தாய்வீட்டோடு வந்துவிட, இவளும் எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி தொங்கும். "எதோட சாவிடி?" என்று ஒருநாள் கேட்டேன். "ஊட்டுல ஒரு பெட்டி இருக்குது, அதோடது" என்றாள். நகைப் பெட்டியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு சின்னப் பெண்ணை நம்பி நகைப் பெட்டியின் சாவியைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு. என்னிடம் எங்கள் வீட்டில் உப்பு ஜாடியைக்கூட நம்பிக் கொடுக்கமாட்டார்கள்.

அது ஐப்பசி மாதம். அப்பா பொங்கலுக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையில் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. நின்றது என்றால் முழுதாகக்கூட நிற்கவில்லை. கண்டக்டர் அவசர அவசரமாக மேலே ஏறி, ஒரு கறுப்புப் பெட்டியைச் சரித்துப் பியூனின் கையில் விட்டார். "மிலிட்டரிக்காரர்து. ஊட்டுல சேத்துடுங்க" என்றார். விசில் ஊதினார். பியூன் வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

பத்தாம் வகுப்புப் பையன்கள் வழக்கப்படி ஓடினார்கள். ஓடியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த எனக்கு வெள்ளை எழுத்து தெரிந்தது. என் அப்பாவின் பெயர். "எங்கப்பா பெட்டி! எங்கப்பா பெட்டி!" என்று கத்திக்கொண்டு, கணக்கு வாத்தியாரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் என்னோடு சேர்ந்து கத்தவும் இல்லை.

பட்டாளத்து ஊரில் பிறந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் வந்தால் பெட்டி அவனோடு வரும். பெட்டி மட்டும் தனியாக வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். அன்று அந்த ரோட்டோரம் நின்றிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் என் அப்பா செத்துவிட்டார் என்றே நினைத்தார்கள். எனக்கு அந்த அர்த்தம் தெரியாது. பெட்டி என்றால் ஊர்வலம், அக்ரூட் பருப்பு, கம்பளி, அப்பா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஹெட்மாஸ்டர் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பத்தாம் வகுப்பு பெஞ்சு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி அதன்மேல் வைக்கச் சொன்னார். பிள்ளைகள் தாங்களாகவே வகுப்புகளிலிருந்து வெளியே வந்து கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பிரேயரில் ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் அது. அன்று ஒரு சத்தம் இல்லை. தெலுங்குப் பையன்கள், கன்னடப் பையன்கள், கம்பெனிக்காரர் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்கள். ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பெட்டிகள் வந்து நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெட்டியையும் பெஞ்சின்மேல் வைத்ததில்லை. எதற்கும் ஹெட்மாஸ்டர் செருப்பைக் கழற்றியதில்லை. என் அப்பா எவ்வளவு பெரிய ஆள், இது தெரியாமல் இவரைச் சாதாரண லாரி டிரைவர் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று மலைத்துப்போய் நின்றேன்.

ரோட்டுக்கு எதிரே கடை வைத்திருந்த பாய், பாதிக் கடையைப் பலகை போட்டு மூடிவிட்டு வந்தார். கையில் ஒரு கோலி சோடா. "குடி கண்ணு" என்று கொடுத்துவிட்டு என் தலையில் கையை வைத்து வாய்க்குள் ஏதோ ஓதினார். முந்தின நாள்தான் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கவில்லை என்று என்னை முட்டிபோட வைத்த தமிழ் டீச்சர், என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பதினொரு வயதுக் கழுதையான நான் அவர் மடியில் கால் தரையில் தட்ட உட்கார்ந்து கோலி சோடா குடித்தேன்.

"எப்ப டீச்சர் நடக்கறது?" என்று கேட்டேன்.

"எங்க கண்ணு?"

"பெட்டிக்கு முன்னாடி."

டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அப்பா வராமல் எப்படி நடப்பது என்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து நானே சமாதானம் சொன்னேன். "எங்கப்பா எங்கியாவது டீ குடிக்க எறங்கியிருப்பாரு டீச்சர். அடுத்த பஸ்ஸுல வந்துடுவாரு." இதைக் கேட்டு டீச்சர் சத்தம்போட்டே அழ ஆரம்பித்துவிட்டார். பெரியவர்களுக்கு எது சொன்னால் என்ன ஆகும் என்று அன்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஹெட்மாஸ்டர் பி.டி. வாத்தியாரைக் கூப்பிட்டு, "பாயோட மொபெட்ட எடுத்துக்கினு சூளகிரி போஸ்டாபீசுக்குப் போயி தந்தி ஏதாவது வந்திருக்குதான்னு பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் ஊட்டுக்கு யாரும் சொல்லக்கூடாது" என்றார். பி.டி. வாத்தியார் புறப்பட்டுப் போனார். ஆனால் எங்கள் ஊரில் சொல்லக்கூடாது என்று சொன்ன சேதிக்குத்தான் கால் அதிகம்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைமேட்டுப் பக்கமிருந்து அம்மா வந்தாள். கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள். முழங்கால்வரை செம்மண். மடியில் கட்டியிருந்த கடலைக்காய் அவிழ்ந்து வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் போன தடவை எங்கள் வீட்டு நிலைப்படியில் இடித்துப் பெட்டியின் ஒரு மூலை நெளிந்திருந்தது. அந்த மூலையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"அம்மா, பெட்டி வந்துடுச்சு பாத்தியா!" என்று ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். யார் பெற்ற பிள்ளையோ என்பதுபோல் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வரிசையிலிருந்து நாகவேணி வெளியே வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நேராகப் பெட்டியிடம் போய்க் குனிந்து, அதில் தொங்கிய பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பூட்டு திறக்கவில்லை.

"சார், சாவிய யாருகிட்ட குடுத்தாங்க?"

"என்னம்மா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சாவி சார். பெட்டியோட யாரு வந்தாங்க?"

பியூன்தான் பதில் சொன்னார். "யாரும் வரல பாப்பா. கண்டக்டரு எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான்."

"அப்ப இது அது இல்ல சார்" என்றாள் நாகவேணி. "ஆளு இல்லன்னா பெட்டியோட மிலிட்டரிக்காரங்க வருவாங்க சார். பூட்டுமேல துணி சுத்தி அரக்கு வெச்சிருப்பாங்க. சாவிய எங்கம்மா கையில குடுத்தாங்க. இதோட சாவி அவருகிட்டயே இருக்குது சார்."

அந்தப் பெட்டியைப் பற்றி அன்று அவள் பேசியது இவ்வளவுதான். மீதியை அவள் எனக்குச் சொன்னது நாங்கள் இருவரும் பிள்ளை பெற்ற பிறகு. அவளுடைய அப்பாவின் பெட்டி ஜீப்பில் வந்ததாம். கூட வந்த அதிகாரி விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, இரண்டு கையாலும் சாவியை நீட்டினாராம். அவளுடைய அம்மா அதை வாங்கி, கதவுக்குப் பின்னால் நின்ற மகளை இழுத்து அவள் கழுத்தில் கட்டிவிட்டாளாம். அந்தப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை.

ஹெட்மாஸ்டர் குனிந்து பூட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அம்மா தலையை நிமிர்த்தி, "நெசமாவா கண்ணு? நெசமாவா சொல்ற?" என்றாள். நாகவேணி என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏமி காதே" என்றாள். ஒன்றும் ஆகாதுடி என்று அர்த்தம். எனக்கு என்ன ஆகப்போகிறது, இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள் என்று இருந்தது. ஆனாலும் அவள் கையை நான் விடவில்லை.

ஓசூரிலிருந்து அடுத்த பஸ் வந்தது. பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. தலையில் மூட்டையோடு ஒரு பெரியவர் இறங்கினார். இத்தனை கண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டுபோய், மறுபடி பஸ்ஸிலேயே ஏறிக்கொள்ளப் பார்த்தார். வேறு யாரும் இறங்கவில்லை. அம்மா மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள். பஸ் போன பிறகு இருந்த அமைதி முன்னே இருந்ததைவிட மோசமாக இருந்தது. நாகவேணியின் கை சில்லென்று ஆகிவிட்டது.

பிறகு கம்பெனிச் சரக்கு ஏற்றிய ஒரு லாரி, ஹாரனை அழுத்தியபடியே வந்து ரோட்டோரம் நின்றது. கிளீனர் பக்கக் கதவு திறந்தது. அதிலிருந்து குதித்த ஆள் எங்களை ஏறிட்டும் பார்க்காமல், பியூனைப் பார்த்து, "அண்ணே, என் பெட்டி! இங்க என் பெட்டிய எறக்குனாங்களா?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

என் அப்பா.

பாதி ஓட்டத்தில் நின்றார். வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தார். பெஞ்சின்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். மண்ணில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பட்டாளத்தில் இருப்பவருக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. "ஐயோ" என்றார், மெதுவாக.

அம்மா எழுந்தாள். போய் அவர் சட்டையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்தாள். "டீயா? டீ குடிக்க எறங்குனியா நீ? டீயா உனக்கு?"

"ஓசூருல... ஒரே ஒரு டீதான்... லீவு முன்னாடியே கெடச்சுதேன்னு ஒரு சந்தோசத்துல... திரும்பிப் பாக்கறதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான்..."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பள்ளிக்கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. தமிழ் டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "டீ குடிக்கத்தாண்டி எறங்கியிருக்காரு" என்று எனக்கே சேதி சொன்னார். பாய், "ஏன் மாப்ள, டீ வேணும்னா எங்கடையில வந்து குடிக்கக்கூடாதா?" என்று அதட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ அம்மா அப்பாவை "நீ" என்று ஊர் நடுவில் சொன்னதுதான் பிரமிப்பாக இருந்தது. அப்படிச் சொன்னால் வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். அப்பாவோ அடியை வாங்கிக்கொண்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றார்.

"டேய், நாலு பேரு வாங்கடா" என்றார் ஹெட்மாஸ்டர். பத்தாம் வகுப்பு முழுவதும் ஓடிவந்தது. பியூன் துண்டைச் சுற்றிக் கொடுத்தார். பெட்டி தலைமேல் ஏறியது. கடைசியில் என் நாள் வந்துவிட்டது. பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றேன். அப்போது நாகவேணி பக்கத்தில் வந்தாள்.

"நானும் நடக்கட்டா?"

அப்படி வழக்கம் கிடையாது. பட்டாளத்துக்காரரின் பிள்ளைதான் நடக்கவேண்டும். நான் அப்பாவைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் அப்பாவின் காதில் என்னவோ சொன்னார். அப்பா நாகவேணியின் முன்னால் வந்து நின்றார். "நட கண்ணு. நீயே முன்னாடி நட" என்றார்.

அவள் எனக்கு ஓரடி முன்னால் நடந்தாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக நடந்தாள். எனக்கு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்ற அவசரம். "சீக்கிரம் நடடி" என்று பின்னாலிருந்து இடித்தேன். அவள் காதில் விழவில்லை. பெட்டி தூக்கிய பையன்கள் வழக்கமாகக் கூச்சல் போடுவார்கள். அன்று போடவில்லை. அப்பாவும் கையை வீசிக்கொண்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பரேடில் நடப்பதுபோல் நிமிர்ந்து வந்தார்.

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். நான் ஒவ்வொரு வாசலையும் பார்த்துச் சிரித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் நாகவேணியைத்தான் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். என் இடத்தில் இன்னொருத்தி நடக்கிறாளே என்று எனக்காக வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை என்று அவர்களுக்குக் கையைக் காட்டினேன்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினார்கள். அப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "உள்ள வாடி, அக்ரூட் இருக்கும்" என்று நாகவேணியைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பெட்டியின் மேல்மூடியில், பெயர் எழுதியிருந்த இடத்தில், உள்ளங்கையை ஒருமுறை வைத்தாள். எடுத்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் தனியாகத் திரும்பி நடந்தாள். இப்போது வேகமாக நடந்தாள்.

நான் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருகிக்கொண்டே அவளைப் பார்த்தேன். தெரு திரும்பும் இடத்தில் அவள் நின்றாள். கழுத்துக் கயிற்றைப் பிடித்து, அதில் தொங்கிய சாவியைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். இத்தனை தூரம் நடந்ததில் கயிறு அறுந்துவிட்டதோ என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.